‘வாக்கு வங்கி’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? எம்.என்.ஸ்ரீனிவாஸும் எரிந்துபோன கிராமக் குறிப்புகளும்

தேர்தல் வந்துவிட்டால் டிவி விவாதங்களில் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வந்து விழும் சொல், ‘வாக்கு வங்கி’. எந்தச் சமூகம் எந்தக் கட்சியின் வாக்கு வங்கி, யாருடைய வாக்கு வங்கி சரிந்தது என்று ஆளுக்கொரு கணக்கு போடுவார்கள். இந்தச் சொல்லை முதலில் எழுத்தில் கொண்டுவந்தவராக அறியப்படுபவர் அரசியல்வாதியும் இல்லை, பத்திரிகையாளரும் இல்லை. மைசூர் பக்கம் ஒரு கிராமத்தில், ஊர்த் தலைவரின் மாடுகள் கட்டியிருந்த வீட்டில் தங்கி, மாதக்கணக்கில் நோட்டுப் புத்தகங்களை நிரப்பிக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர். பெயர் எம்.என்.ஸ்ரீனிவாஸ்.

ஊர் வழக்கம் அப்படியேதான் இருக்கும், சாதி அடுக்கு அசையவே அசையாது என்று பலரும் நம்பிய காலத்தில், அது எப்படியெல்லாம் அசைகிறது என்று பக்கத்தில் இருந்து பார்த்தவர் அவர். அதேசமயம், அவர் எங்கே உட்கார்ந்து பார்த்தார் என்பதும் முக்கியம். அதைப் பிறகு பார்ப்போம்.

வீட்டுக்குப் பின்னால் இன்னொரு உலகம்

மைசூர் நரசிம்மாச்சார் ஸ்ரீனிவாஸ் பிறந்தது 1916 நவம்பர் 16-ல், மைசூரில். தமிழ்ப் பூர்வீகம் கொண்ட ஐயங்கார் குடும்பம். பிள்ளைகளின் படிப்புக்காக அப்பா அரகெரே என்ற சொந்த ஊரை விட்டு நகரத்துக்கு வந்தவர். அன்று பல பிராமணக் குடும்பங்கள் செய்தது இதுதான். இந்த நகர்வு கிராமங்களை எப்படி மாற்றியது என்பதையே மகன் பிற்பாடு ஆராய்ச்சியாகச் செய்தார்.

அவர்கள் வீட்டுக்குப் பின்பக்கம் பண்டிகேரி என்ற பகுதி. ஆடு மேய்க்கும் குருபர் சமூகத்தினர் வாழ்ந்த இடம். சிறுவயதில் அங்கே போய்ப் பார்த்தபோது பேச்சு, சாப்பாடு, வீடு என எல்லாமே வேறு மாதிரி இருந்தன. ஒரு சுவர் தாண்டினால் வேறொரு சமூகம். தனக்குக் கிடைத்த முதல் கலாசார அதிர்ச்சி என்று பின்னாளில் அதைத்தான் அவர் நினைவுகூர்ந்தார்.

மைசூரில் பட்டம் வாங்கிய பிறகு பம்பாய் போனார். அங்கே வழிகாட்டி, இந்தியச் சமூகவியலின் பெரிய ஆளுமையான ஜி.எஸ்.குர்யே. குடகு மக்களைப் பற்றி ஆராயச் சொன்னவர் அவர்தான். அதை முடித்துவிட்டு 1945-ல் ஆக்ஸ்ஃபோர்டு. ராட்கிளிஃப்-பிரவுன், எவன்ஸ்-பிரிட்சர்ட் என்று மானுடவியலின் இரண்டு ஜாம்பவான்களிடம் பாடம். கையில் இருந்த அதே குடகுத் தகவல்களைப் புதிய கோணத்தில் மறுபடி எழுதினார். 1952-ல் அது புத்தகமாக வந்தபோது, அதிலிருந்த ஒரு சொல் உலகம் முழுக்கப் பரவியது: சமஸ்கிருதமயமாக்கல்.

அப்படின்னா என்ன?

கேட்டால் மொழி சம்பந்தப்பட்ட விஷயம் மாதிரி இருக்கும். உண்மையில் இது வாழ்க்கைமுறையைப் பற்றியது. சாதி அடுக்கில் கீழே வைக்கப்பட்ட ஒரு சாதிக்கு நிலமோ பணமோ செல்வாக்கோ கிடைக்கிறது. அடுத்து அவர்கள் கறி சாப்பிடுவதை நிறுத்துகிறார்கள், கள்ளை விடுகிறார்கள், பூணூல் போடுகிறார்கள், மேல்சாதிச் சடங்குகளை எடுத்துக்கொள்கிறார்கள். ‘நாங்கள் உண்மையில் உயர்ந்த குலம்’ என்று ஒரு பூர்வீகக் கதையும் வரும். ஒன்றிரண்டு தலைமுறை கழித்து ஊர் அதை ஓரளவு ஏற்றுக்கொள்ளும். குடகிலேயே ‘அம்ம கொடவர்’ என்ற பிரிவினர் இப்படிச் சைவத்துக்கு மாறிப் பூணூல் அணிந்தவர்கள். முதலில் இதற்கு ‘பிராமணமயமாக்கல்’ என்றுதான் பெயர் வைக்க நினைத்தார். ஆனால் சில இடங்களில் மக்கள் பார்த்து நடந்தது பிராமணர்களை அல்ல, க்ஷத்திரியர்களையோ ஊரில் பலமான வேறு சாதியையோ. அதனால் பெயரை மாற்றினார்.

இன்னொரு பக்கம் வேடிக்கையான காட்சி. அதே காலத்தில் பிராமணர்கள் ஆங்கிலம் படித்து, கிராப்பு வெட்டி, பேன்ட் சட்டை மாட்டி, ஆபீஸ் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். இதற்கு அவர் வைத்த பெயர் மேற்கத்தியமயமாக்கல். அவர்கள் கழற்றி வைத்த ஆசாரத்தை இவர்கள் எடுத்து மாட்டிக்கொண்டார்கள் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

இதில் பெண்களுக்கு நடந்ததை ஸ்ரீனிவாஸே கவனித்தார். கீழ்நிலையில் இருந்தவரை ஒரு சாதிப் பெண்களுக்கு விவாகரத்தும் மறுமணமும் பெரும்பாலும் சாத்தியம். சாதி ‘மேலே’ போகப் போக விதவை மறுமணம் நின்றுபோகும், கட்டுப்பாடு கூடும். சாதிக்குக் கிடைத்த மரியாதைக்குப் பெண்கள் விலை கொடுத்தார்கள்.

குளித்த பிறகு ஷேவிங்கா?

1948-ல் ஆக்ஸ்ஃபோர்டு அவருக்கு விரிவுரையாளர் வேலை கொடுத்தது. முதல் வருடம் கிராமத்தில் தங்கிக் கள ஆய்வு செய்ய அனுமதியும் கிடைத்தது. அவர் தேர்ந்தெடுத்தது மைசூர் மாவட்டத்தில் உள்ள கொடகஹள்ளி. எழுத்தில் ‘ராம்புரா’ என்று பெயர் மாற்றினார். சுமார் 1,500 பேர், பல சாதிகள். ஊரில் நிலமும் ஆள்பலமும் ஒக்கலிகர்களிடம் இருந்தன. சடங்குப்படி அவர்கள் உச்சியில் இல்லை. ஆனாலும் ஊர் அவர்கள் சொன்னபடி நடந்தது. இன்று செய்திகளில் ‘ஆதிக்க சாதி’ என்று எழுதுகிறோமே, அதற்குப் பின்னால் இருக்கும் சமூகவியல் கருத்து இங்கே பிறந்ததுதான். எண்ணிக்கை, நிலம், அரசியல் செல்வாக்கு மூன்றும் சேர்ந்தால், சாஸ்திரம் எந்தப் படியில் வைத்திருந்தாலும் ஊர் அவர்கள் கையில்.

ஆக்ஸ்ஃபோர்டில் படித்துவிட்டு வந்தாலும் ஊருக்கு அவர் முதலில் ஒரு பிராமணர். ஒருநாள் குளித்துவிட்டு ஷேவ் செய்துகொண்டிருந்தார். ஊர்த் தலைவர் பார்த்துவிட்டுக் கண்டித்தார். முகச்சவரம் தீட்டு, அதை முடித்துவிட்டுத்தான் குளிக்க வேண்டும். ஆராய வந்தவருக்கு ஆசாரம் சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஒக்கலிகர்! சாதி விதிகளை மேலே இருப்பவர்கள் மட்டும் காப்பாற்றுவதில்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது கஷ்டம்.

1952-ல் மறுபடி அங்கே போனார். நாட்டின் முதல் பொதுத்தேர்தல் முடிந்திருந்த நேரம். ஊர்ப் பெரியவர்கள் பஸ் லைசென்ஸ், அரிசி ஆலை என்று யோசித்துக்கொண்டிருந்தார்கள். வேட்பாளர்கள் வீடு வீடாகப் போவதைவிட அவர்களைப் பிடிப்பது சுலபம். ஏன்னா குத்தகைதாரர், கடன்காரர், பண்ணையாள் எல்லோருடைய ஓட்டும் அவர்கள் சொல்லுக்குள் இருந்தது. 1955-ல் வெளியான கட்டுரையில் ஸ்ரீனிவாஸ் ‘வாக்கு வங்கி’ என்று எழுதியது இந்த ஏற்பாட்டைத்தான். அதாவது, ஓட்டுகளைச் சேர்த்து வைத்துக் கட்சிக்குக் கொடுக்கும் உள்ளூர்ப் புள்ளிதான் அவருக்கு முக்கியம். இன்று நாம் ஒரு சமூகம் முழுவதையும் வாக்கு வங்கி என்கிறோம். சொல் அதேதான், பழி மட்டும் பெரிய மனிதரிடமிருந்து சாமானிய வாக்காளர் மேல் நகர்ந்துவிட்டது.

1970 ஏப்ரல் 24

ஆக்ஸ்ஃபோர்டு வேலையை 1951-ல் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். பரோடாவிலும், பிறகு 1959-ல் டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸிலும் சமூகவியல் துறைகளைக் கட்டியெழுப்பினார். ராம்புரா பற்றிய பெரிய புத்தகம் மட்டும் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அதை எழுதுவதற்காகவே 1970-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் உள்ள ஆய்வு மையத்துக்குப் போனார். பல வருடங்களாகத் தொகுத்து வகைப்படுத்திய குறிப்புகளின் மூன்று பிரதிகளும் அவருடைய அறையில் இருந்தன.

வியட்நாம் போரை எதிர்த்து அமெரிக்க வளாகங்கள் கொந்தளித்துக்கொண்டிருந்த சமயம். ஏப்ரல் 24-ம் தேதி அந்த மையத்துக்கு யாரோ தீ வைத்தார்கள். மூன்று பிரதிகளும் எரிந்தன. பேக்கப் எடுக்காமல் லேப்டாப் போனவர்களுக்கு அந்த வலி கொஞ்சம் புரியலாம். இது 18 வருட உழைப்பு. அசல் களக் குறிப்புகள் டெல்லியில் இருந்தன என்றாலும், மறுபடி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

அப்போது சோல் டாக்ஸ் என்ற அமெரிக்க மானுடவியலாளர் ஒரு யோசனை சொன்னார். நினைவில் இருப்பதை வைத்தே எழுதினால் என்ன? அப்படி உருவாகி 1976-ல் வெளிவந்த ‘நினைவில் நின்ற கிராமம்’தான் அவர் எழுதியதிலேயே அதிகம் நேசிக்கப்படும் புத்தகம். அட்டவணைகள் போய்விட்டன. ஊர்த் தலைவரும், சண்டைகளும், மாடுகளும், வம்புப் பேச்சும் மிஞ்சின. தீ இல்லையென்றால் இப்படி ஒரு புத்தகம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

திண்ணையிலிருந்து தெரியாதது

விமர்சனங்களும் கடுமையானவை. தலைவரின் வீட்டில் தங்கிய பிராமணருக்குச் சேரி எவ்வளவு தெரிந்திருக்கும்? தலித்துகளோடோ முஸ்லிம்களோடோ தங்கியிருந்தால் வேறொரு ராம்புராவைப் பார்த்திருப்பேன் என்ற பொருளில் அவரே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.

‘பார்த்து நடந்தால் மேலே ஏறலாம்’ என்பது எல்லோருக்கும் திறந்திருந்த வழியும் அல்ல. 1930-ல் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகள் விதித்ததை, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை கூடாது, சட்டை பனியன் கூடாது, முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது, குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்கள் மீது வன்முறை நடந்தது. சமஸ்கிருதமயமாக்கலில் ஒரு சாதியின் இடம்தான் மாறுகிறது, அடுக்கு மாறுவதில்லை என்று ஸ்ரீனிவாஸும் தெளிவாகவே சொன்னார். சாதிகள் ஒன்றைப் பார்த்து ஒன்று நடப்பது பற்றி அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் கட்டுரை வாசித்தது 1916 மே மாதத்தில், ஸ்ரீனிவாஸ் பிறப்பதற்கு ஆறு மாதம் முன்பு. அம்பேத்கர் அதை ஏணியாகப் பார்க்கவில்லை, நோய் தொற்றுவது போலப் பார்த்தார்.

1972-ல் ஸ்ரீனிவாஸ் பெங்களூரு திரும்பினார். 1977-ல் பத்மபூஷண். கடைசிக் காலத்தில் அவர் எழுதிய ஓர் உரையின் தலைப்பே சாதி அமைப்புக்கான இரங்கல் குறிப்பு. கிராமத்தில் தொழிலையும் தானியத்தையும் பிணைத்து வைத்திருந்த பழைய சாதி அமைப்பு செத்துக்கொண்டிருக்கிறது, ஆனால் தனித்தனிச் சாதிகள் முன்பைவிடத் தெம்பாகப் போட்டி போடுகின்றன என்பது அதன் வாதம். 1999 நவம்பர் 30-ல் பெங்களூருவில் அவர் இறந்தார். அந்த உரை 2003-ல்தான் அச்சில் வெளிவந்தது.