விண்மீன் ஒளியைப் படித்தறிந்த மேகநாத சாகா

இந்திய நாடு ஈன்ற இயற்பியல் அறிஞருள் சர். சி. வி. இராமனை நம் இளைஞர் நன்கறிவர். மேகநாத சாகாவை அறிந்தோர் மிகச் சிலரே. இயற்பியல் என்றாலே அஞ்சி ஒதுங்கும் நம் பிள்ளைகளுக்கு அவர் வரலாற்றைச் சொல்லுதல் தகும் எனக் கருதி இதனை எழுத முற்பட்டோம்.

சாகா 1893ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6ஆம் நாள், இன்று வங்காளதேசத்தில் உள்ள டாக்கா மாவட்டத்துச் சியோரத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் ஜகந்நாத சாகா சிறு மளிகைக் கடை வைத்திருந்தவர். பிள்ளைகள் பலர், வருவாயோ குறைவு. தொடக்கப் பள்ளியோடு படிப்பு நின்று, கடையில் உட்கார வேண்டிய நிலை. அப்பொழுது அனந்த குமார் தாஸ் என்னும் மருத்துவர் தம் இல்லத்தில் உணவும் இடமும் தந்து மேலே படிக்க வழி செய்தார். பையன் உண்ட தட்டைத் தானே கழுவிக்கொள்ள வேண்டும், வீட்டுப் பசுவையும் பேண வேண்டும் என்பது ஏற்பாடு. அம்மருத்துவரின் நல்லுள்ளத்தைப் போற்றுகிறோம். தட்டைப் பற்றிய நிபந்தனை ஏன் வந்தது என்பதை இம்மலரின் வாசகர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை.

சாகா வகுப்பார் நம்மைப் போல் ஊருக்குப் புறத்தே ஒதுக்கப்பட்டவர் அல்லர். வணிகம் செய்து வாழ்ந்தவர். எனினும் வங்காளத்துச் சாதி அடுக்கில் கீழ்ப்படியிலேயே வைக்கப்பட்டிருந்தனர். 1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்து ஈடன் இந்து விடுதியில் தங்கியபோது, அவரோடு ஒரே கூடத்தில் உண்ண உயர்சாதி மாணவர் சிலர் மறுத்தனர். அதே கல்லூரியில்தான் ஜகதீச சந்திர போஸ் ஆசிரியராகவும், சத்தியேந்திரநாத போஸ் உடன்பயில்பவராகவும் அவருக்கு வாய்த்தனர். சிதம்பரத்தில் சுவாமி சகஜானந்தர் நந்தனார் பள்ளியைத் தொடங்கிய அதே 1916ஆம் ஆண்டில், சாகா கல்கத்தாப் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளர் ஆனார்.

அவர் செய்த அருஞ்செயலை விளங்கிக்கொள்ள, அலையைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். கடலூர்த் தேவனாம்பட்டினக் கரையில் நின்று பாருங்கள். ஓர் அலையின் முகட்டிற்கும் அடுத்த அலையின் முகட்டிற்கும் இடைப்பட்ட தொலைவே அலைநீளம். கடலலைக்கு நீர் வேண்டும். ஒலியலைக்குக் காற்றுப் போன்றதொரு பொருள் வேண்டும். ஒளியோ மின்காந்த அலை. ஒன்றுமில்லா வெளியிலும் நொடிக்கு ஏறத்தாழ 3 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வானொலி அலை, அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி, புற ஊதா, எக்ஸ் கதிர், காமாக் கதிர் யாவும் ஒரே குடும்பம்; வேறுபாடு அலைநீளத்தில்தான். மத்திய அலை வானொலியின் அலைநீளம் சில நூறு மீட்டர். நாம் காணும் ஒளிக்கோ ஊதா 400 முதல் சிவப்பு 700 நானோமீட்டர் வரை. ஒரு மீட்டர் என்பது நூறு கோடி நானோமீட்டர். அக்குடும்பத்தில் ஒரு சிறு கீற்று மட்டுமே நம் கண்ணுக்கு எட்டுகிறது!

ஸ்பிரிட் விளக்கின் சுடரில் ஒரு சிட்டிகை உப்பைத் தூவினால் சுடர் மஞ்சளாகும். அது உப்பிலுள்ள சோடியத்தின் ஒளி. அலைநீளம் ஏறத்தாழ 589 நானோமீட்டர். இவ்வாறே ஒவ்வொரு தனிமத்திற்கும் உரிய அலைநீளங்கள் உண்டு. விண்மீனின் ஒளியை முப்பட்டகத்தால் பிரித்தால், அதன் வெளிப்புற வளிமம் விழுங்கிய அலைநீளங்கள் கருங்கோடுகளாகத் தெரியும்.

இங்கேதான் சிக்கல் எழுந்தது. மார்கழியில் சிதம்பரத்தார் கொண்டாடும் திருவாதிரை மீன் சிவந்தது. சித்திரை மீன் நீலம் கலந்த வெண்மையது. இரண்டின் கோடுகளும் முற்றிலும் வேறு. அவை வேறு வேறு பொருள்களால் ஆனவையோ என்ற ஐயம் இருந்தது. 1920இல் இருபத்தாறு வயது சாகா விடை கண்டார். வெப்பம் மிகும்போது அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகும். அழுத்தம் குறைந்தால் இது இன்னும் எளிதாகும். எலக்ட்ரானை இழந்த அணு பழைய அலைநீளங்களை விழுங்காது; வேறு அலைநீளங்களையே விழுங்கும். எந்த வெப்பநிலையில், எந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு அணுக்கள் அயனியாகும் என்பதைக் கணிக்கும் சமன்பாட்டை அவர் வகுத்தார். திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின். சித்திரையினது 20,000க்கும் மேல். கோடுகளின் பெருவேறுபாட்டிற்கு இவ்வெப்பமே முதற்காரணம். பிறப்பிலேயே வேறான பொருள் அன்று. அச்சமன்பாட்டைக் கொண்டே 1925இல் செசிலியா பேய்ன் என்னும் அம்மையார், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்று கண்டார். நம் கருத்தில், சாகாவின் மற்றெல்லாப் பணிகளையும் ஒரு தட்டில் வைத்தாலும் இவ்வொன்றே கனக்கும்.

1927இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் கிட்டவில்லை. புற ஊதாக் கதிரின் பெரும்பகுதியைக் காற்று மண்டலத்து ஓசோன் தடுத்துவிடுவதால், கருவிகளை மிக உயரத்திற்கு ஏற்றிச் சூரியனை ஆராய வேண்டும் என 1937இலேயே எழுதினார். பிற்காலத்தில் ராக்கெட்டுகள் அதனைச் செய்தன. 1952இல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாட்காட்டிச் சீர்திருத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கினார்.

1956 பிப்ரவரி 16ஆம் நாள், தில்லியில் திட்டக்குழு அலுவலகத்திற்குச் செல்லும் வழியில் மாரடைப்பால் வீழ்ந்து உயிர் நீத்தார். வயது 62. அவர் குழு வகுத்த தேசிய நாட்காட்டி அடுத்த ஆண்டு மார்ச் 22இல் நடைமுறைக்கு வந்தது.