கணக்கில் மும்முறை தோற்றவர்

பரீட்சை முடிவு வெளியாகும் நாளில் நம் விடுதிச் சாப்பாட்டறையைப் பார்த்திருக்கிறீர்களா? தட்டோசை கேட்கும், பேச்சொலி கேட்காது. ஊரையும் உறவையும் விட்டு, வேற்றுமொழி வழங்கும் இடத்திற்குப் படிக்க வந்த நமக்கு, ஒரு பாடத்தில் தோற்றால் வாழ்க்கையே தோற்றுவிட்டதாகத் தோன்றிவிடுகிறது. அத்தகைய நாளொன்றில், மோட்டார்ப் பித்தனாகிய நான் நண்பன் ஒருவனுக்குச் சொன்ன வரலாறு இது. சர் அலெக் இசிகோனிஸ் என்ற கார்ச் சிற்பியின் வரலாறு.

இசிகோனிஸ் 1906-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் ஸ்மிர்னா நகரில் பிறந்தார். இன்று துருக்கியில் இஸ்மிர் என்று வழங்கும் அத்துறைமுகம் அன்று ஒட்டோமான் பேரரசைச் சேர்ந்தது. தந்தை கிரேக்க மரபினர்; பிரிட்டிஷ் குடியுரிமை பெற்றவர்; கப்பல் எஞ்சின் தொழில் நடத்தியவர். தாய் ஜெர்மானியப் பெண்மணி. எஞ்சின்களின் நடுவே வளர்ந்த பிள்ளையின் வாழ்வில் 1922-ல் பேரிடி விழுந்தது. கிரேக்க-துருக்கியப் போரின் முடிவில் நகரம் துருக்கியர் வசமாயிற்று, நெருப்புக்கும் இரையாயிற்று. பிரிட்டிஷ் கப்பற்படையின் உதவியால் அக்குடும்பம் மால்டாத் தீவுக்குத் தப்பிச் சென்றது. வீடு போயிற்று, தொழில் போயிற்று, விரைவில் தந்தையும் மறைந்தார். 1923-ல் தாயும் மகனும் அகதிகளாக இங்கிலாந்தில் குடியேறினர்.

லண்டனில் பேட்டர்ஸி பாலிடெக்னிக்கில் பொறியியல் பயின்றார் மகன். படம் வரைவதில் அவர் வல்லவர். ஆனால் கணக்குப் பரீட்சையை மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றார். பட்டம் எட்டாக்கனியாயிற்று; டிப்ளமோவுடன் வெளியேறி, வரைபடமேசையில் வேலைக்கு அமர்ந்தார்.

அந்நாளில் அவருக்குப் பந்தயப் பித்தும் இருந்தது. சிறிய ஆஸ்டின் செவன் காரில் பந்தயங்களுக்குப் போனார். அது போதாதென்று, நண்பர் ஜார்ஜ் டவுசனுடன் சேர்ந்து, ஓய்வுநேரத்தில் சொந்தக் கையாலேயே ஒரு பந்தய வண்டியைக் கட்டினார். முடிக்கச் சில ஆண்டுகள் பிடித்தன. எடையைக் குறைத்தால் வேகம் தானே வரும் என்பது அதன் அடிப்படை. எஃகு ஸ்பிரிங்குக்குப் பதில் ரப்பர் என்ற எண்ணத்தையும் அதில் சோதித்தார். பின்னாளில் புகழ்தந்த கருத்துகளின் வித்து அந்தச் சிறு வண்டியிலேயே இருந்தது.

1936-ல் மோரிஸ் கம்பெனியில் சேர்ந்தார். அங்கு உருவாக்கிய மோரிஸ் மைனர் 1948-ல் வெளிவந்தது. உற்பத்தி தொடங்கவிருந்த தருணத்தில் வண்டி ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரி வண்டியை நடுவே இரண்டாக அறுத்து, பாதிகளைத் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலப்படுத்தினார். முன்பே செய்து வைத்திருந்த பம்பர்களையும் வெட்டி, இடையில் துண்டு வைத்து இணைக்க வேண்டியதாயிற்று! பிரிட்டனில் பத்து லட்சத்தை முதன்முதல் எட்டிய கார் அதுவே. நம் நாட்டிலும் 'பேபி ஹிந்துஸ்தான்' என்ற பெயரில் அது ஓடியது.

1956-ல் சூயஸ் நெருக்கடி வந்தது. பெட்ரோல் பங்கீடு செய்யப்பட்டது. சிக்கனமான சிறு கார் ஒன்று வேண்டுமென்று 1957-ல் கம்பெனித் தலைவர் லியோனார்ட் லார்ட் கேட்டார். கைவசமுள்ள எஞ்சினையே பயன்படுத்த வேண்டும் என்பது நிபந்தனை. அதுவரை பெரும்பாலான கார்களில் எஞ்சின் நெடுக்காக இருந்தது. அதன் பின்னே கியர்ப்பெட்டி. அதிலிருந்து பின்சக்கரம் வரை நீண்ட சுழல்தண்டு. இசிகோனிஸ் எஞ்சினைக் குறுக்கே திருப்பினார். கியர்ப்பெட்டியை எஞ்சினுக்கு அடியில் வைத்தார். முன்சக்கரங்களையே ஓட்டச் செய்தார். சக்கரங்களை 10 அங்குலமாகச் சுருக்கினார். அலெக்ஸ் மோல்ட்டன் வகுத்த ரப்பர் கூம்புகள் ஸ்பிரிங்கின் இடத்தைப் பிடித்தன. மொத்த நீளம் 10 அடியே. அதில் ஐந்தில் நான்கு பங்கு ஆளுக்கும் பெட்டிக்கும்! கார் வாங்குவோர் வெளியே தெரியும் நீளத்துக்குப் பணம் கொடுக்கிறார்கள், உட்காருவதோ உள்ளே. இந்த எளிய உண்மையை மினிபோல் உணர்த்திய வண்டி வேறில்லை என்பது என் கருத்து.

1959 ஆகஸ்ட் 26-ல் மினி வெளிவந்தது. பந்தய வண்டிகளைச் செய்துவந்த ஜான் கூப்பர் அதன் திறத்தைக் கண்டுகொண்டார். இசிகோனிஸுக்கு முதலில் அதில் விருப்பமில்லை. அவர் எண்ணியது எளியோரின் வண்டியை. எனினும் 1961-ல் மினி கூப்பர் பிறந்தது. 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மான்டி கார்லோ ராலியில் வென்றது. 1966-ல் முதல் மூன்று இடங்களையும் மினிகளே பிடித்தன; முன்விளக்கு விதியைக் காட்டி அவ்வெற்றியைப் பறித்துவிட்டனர்.

கணக்கு என்பது படைப்பாளியின் பகை என்று இசிகோனிஸ் கடைசிவரை கருதினார். விஞ்ஞான மாணவனாகிய நான் இதை ஏற்கமாட்டேன். முதல் மினிகளில் தரைத்தகடுகள் இணைந்த விதம் சரியில்லாமல் மழைநீர் உள்ளே புகுந்தது. போட்டிக் கம்பெனியான ஃபோர்டு ஒரு மினியைப் பிரித்துப் பார்த்து, அந்த விலைக்கு விற்றால் நட்டம்தான் என்று முடிவு செய்தது. அவர் வெறுத்த கணக்கு கம்பெனியின் ஏட்டில் தன் பழியைத் தீர்த்துக்கொண்டது போலும்! அவருடைய தோல்வி கணக்கின் சிறுமையைக் காட்டவில்லை. ஒரு பரீட்சையால் ஒரு மனிதனை முழுதாக அளக்க முடியாது என்பதையே காட்டுகிறது.

1967-ல் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. கணக்கைத் தவிர மற்றவற்றில் தோற்ற நம் இராமானுஜனுக்கு 1918-ல் திறந்த அதே கதவு, கணக்கிலேயே தோற்ற இவருக்கும் திறந்தது. 1969-ல் சர் பட்டம் பெற்றார். 1971-ல் ஓய்வு பெற்றார். 1988 அக்டோபர் 2-ஆம் நாள் பர்மிங்காமில் மறைந்தார். மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டுவரை தொடர்ந்தது. 53 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் வெளிவந்தன.

கதையைக் கேட்டு முடித்த நண்பன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் காலை மறுதேர்வுக்கான பணத்தைக் கட்டிவிட்டு வந்தான்.