தரங்கம்பாடிச் சீகன்பால்கு ஐயர்

சோழநாட்டுக் கீழ்கடற்கரையில், பொறையாற்றை அடுத்த தரங்கம்பாடியில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கி. பி. 1306-ஆம் ஆண்டு எடுக்கப்பெற்ற மாசிலாமணிநாதர் திருக்கோயில் உளது. அதன் பெரும்பகுதியைக் கடலலை கொண்டுபோயிற்று. அக்கோயிலுக்குச் சிறிது தொலைவில், 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இடம்பெற்று டென்மார்க்கு நாட்டு வணிகர் எடுத்த டான்ஸ்பர்க் கோட்டை நிற்கின்றது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட தெருக்களில் வாழ்ந்து, தமது முப்பத்தாறாம் வயதில் மறைந்த ஜெர்மானியக் குருவாகிய பர்த்தலோமேயு சீகன்பால்கு என்பாரது வாழ்க்கையை ஈண்டுச் சுருக்கிக் கூறப் புகுகின்றாம்.

நம் சமயத்தைக் களைய வந்தார் ஒருவர் வரலாறு சித்தாந்த அன்பர்க்கு எற்றுக்கு என வினவுவார் உளராகலாம். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரில் சுபக்கத்திற்கு முன்னே பரபக்கத்தை வைத்துப் பதினான்கு மதத்தார் கொள்கைகளையும் முதலில் அவரவர் கூற்றாகவே நிறுத்தி, அதன் பின்னரே மறுத்தருளினார். மறுக்கப்படும் பொருளை உள்ளவாறு அறியாது மறுத்தல் நம் மரபன்று. இம்முறையினை நூலால் அறியாத அயல்நாட்டிளைஞர் ஒருவர் தம் வாழ்நாளில் எங்ஙனம் வந்தடைந்தார் என்பதும், அதற்கு அவர்தம் இனத்தாரே இட்ட தடைகள் எவை என்பதும் அறியத்தக்கன.

இவர் சாக்சனி நாட்டுப் புல்ஸ்னிட்ஸ் என்னும் சிற்றூரில் 1682-இல் பிறந்தார். இளமையிலேயே தாய்தந்தையரை இழந்தார்; உடல்நலமும் என்றும் செவ்விதாய் இருந்ததில்லை. ஹாலே நகரில் பிராங்கே என்னும் பேராசிரியரிடம் பயின்றார். டென்மார்க்கு அரசர் நான்காம் பிரெடரிக் தம் குடியேற்றத்திற்குக் குருமாரை அனுப்ப விழைந்தபோது, இவரும் ஹென்றிக் புளுட்சோ என்பவரும் தெரிந்தெடுக்கப்பெற்றனர். 1705 நவம்பரில் கப்பலேறி, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். அரசர் ஆணையோடு வந்த அவ்விருவரையும் கோட்டைத் தலைவராகிய ஹாசியுஸ் விரும்பினாரல்லர். குருமாரால் வணிகத்திற்கு ஊறு நேரும் என்பது கும்பினியார் அச்சம். நெடுநேரம் காக்கவைக்கப்பட்டுப் பின்னர்த் தெருவிலே விடப்பட்ட அவர்களுக்கு ஒருவர் இரங்கி இடந்தந்தார். அப்போது சீகன்பால்கிற்கு வயது ஏறத்தாழ இருபத்துநான்கு.

தமிழ் அறியாது இவ்வூரில் யாதும் செய்ய இயலாது என்பதை இவர் விரைவில் உணர்ந்தார். புளுட்சோ போர்த்துகீசிய மொழியை மேற்கொள்ள, இவர் தமிழை ஏற்றார். முதிய திண்ணைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை வேண்டி, அவர்தம் பள்ளியையே தம் வீட்டிற்கு வரச் செய்தார். சிறுவரோடு தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அகரம் முதலிய எழுத்துக்களை எழுதிக் கற்றார். அவ்வாசிரியர் அயல்மொழி எதுவும் அறியார்; ஆதலின் எழுத்தும் ஒலியும் வந்தனவேயன்றிப் பொருள் விளங்கவில்லை. பிறமொழிகளும் வல்ல அழகப்பன் என்னும் துபாஷி வாய்த்த பின்னரே பொருள் விளங்கிற்று. பட்டம்பெற்ற குரு ஒருவர் ஐந்து வயதுப் பிள்ளையோடு ஒப்ப அமர்ந்து மணலில் எழுதியதை எண்ணும்போது, ஆசிரியனை வழிபட்டுக் கற்கும் நம் மாணாக்கர் மரபே நினைவிற்கு வருகின்றது.

இவரது ஒருநாள் ஒழுகலாற்றினை இவரே தம் நாட்டார்க்கு எழுதியுள்ளார். காலை வழிபாடு முடிந்தபின் ஆறு மணி முதல் ஏழு வரை தம் சமய வினாவிடையைத் தமிழில் விளக்குவார். அடுத்த ஒரு மணி நேரம் முன்னர்க் கற்ற சொற்களையும் தொடர்களையும் மீள ஓதுவார். எட்டு முதல் நண்பகல் வரை தமிழ்நூலன்றி வேறொன்றும் தொடார். பொருளுரைக்க ஆசிரியர் ஒருவரும், புதிய சொல் வந்தால் குறித்துக்கொள்ள எழுத்தர் ஒருவரும் உடனிருப்பர். உண்ணும்போதும் ஒருவர் விவிலியம் படிக்கக் கேட்பார். வெயில் கொடிதாகலின் ஒரு மணி முதல் இரண்டு வரை ஓய்வு. பின்னர் வீட்டிலே வினாவிடைப் பயிற்சி. மூன்று முதல் ஐந்து வரை மீண்டும் தமிழ்நூல். அதன்பின் கூட்டு வழிபாடும் அன்றைய நிகழ்ச்சிகளைப் பற்றிய கலந்துரையாடலும். இரவு ஏழு மணிக்குமேல் விளக்கொளியில் படித்தல் கண்ணுக்கு ஆகாமையின், எழுத்தரைச் சுவடி படிக்கச் செய்து தாம் செவிமடுப்பார். உணவிற்குப் பின் பிள்ளைகளைத் தேர்ந்து அவர்களோடு உரையாடி உறங்கச் செல்வார். பெண்மக்களுக்கென ஒரு பள்ளியும் 1707-இல் தொடங்கினார்.

இவ்வாறு நாள்தோறும் ஏறத்தாழ ஏழுமணி நேரம் தமிழுக்கே சென்றது. தம் எழுத்தரை ஊர்தோறும் போக்கி, இறந்துபோன கற்றோருடைய மனைவியரிடத்திருந்து சுவடிகளை விலைக்கு வாங்குவித்தார். 1708-இல் தாம் தொகுத்த நூற்பட்டியலில், தமிழர் சமயத்தார் செய்தனவாக 119 நூல்களைக் குறித்து ஒவ்வொன்றற்கும் சிறுகுறிப்பும் வரைந்தார். திருக்குறள் அவற்றுள் ஒன்று. அவ்வாண்டிலேயே நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி மூன்றையும் ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். வந்த புதிதில் ஏனை ஐரோப்பியரைப்போல் தாமும் தமிழரை நாகரிகமற்றோர் என்று எண்ணியதாகவும், மொழி கைவந்து நூல்கள் ஓதியபின் அவ்வெண்ணம் நீங்கியதாகவும் ஒளியாது உரைத்துள்ளார். சிவவாக்கியம் இவருக்கு மிக உவப்பாயிற்று; உருவ வழிபாட்டைக் கடியும் பகுதிகளைத் தமக்குப் படைக்கலமாகக் கொண்டார். ஒரு நூலில் தமக்கு வேண்டியதனை மாத்திரம் எடுத்துக்கொள்ளும் அக்குற்றம் இவர் ஒருவர்க்கே உரியதன்று.

இவர் செய்த பிழையொன்றையும் மறைத்தல் ஆகாது. தொடக்க ஆண்டுகளில் ஒருநாள் ஊர்ப்புறத்துச் சிறுகோயில் ஒன்றனுட் சென்று, ஆங்கு நிரையாக நின்ற மண்ணுருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளினார். சிலவற்றின் தலையை உடைத்தார். அவற்றிற்குத் தம்மைக் காக்கவும் ஆற்றலின்மையைக் காட்டுதல் அவர் கருத்து. இதனைச் செவியால் கேட்கும் நமக்கே நெஞ்சு நோகின்றது. அங்கு வந்த உபாத்தியாயர் ஒருவர் வெகுளாது, இவை கடவுளர் அல்ல, கடவுளுடைய காவலாளர் மாத்திரமே என்று விடை கூறினார். தடியெடுத்தவர் முன் சொல்லெடுத்த அப்பெரியார் பெயர் நமக்குக் கிடைத்திலது. இவ்விடை சீகன்பால்கைத் தம் கொள்கையினின்றும் பெயர்த்ததன்று. எனினும் இவரே அதனைத் தம் மடலில் எழுதி ஐரோப்பாவிற்கு அனுப்பினார். 1713-இல் எழுதிய நூலில் ஐயனார், மாரியம்மை, பிடாரி முதலிய ஊர்த்தெய்வங்களைக் காவற்றெய்வங்கள் என்றே வகுத்துப் பராபரவத்துவிற்கும் மும்மூர்த்திகளுக்கும் கீழ்ப்பட்ட வரிசையில் வைத்தார். உபாத்தியாயர் சொல்லிய பாடத்தை மாணாக்கர் மறந்திலர்.

இவரைச் சிறையிட்டவர் தமிழர் அல்லர். தமிழ்க் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் அவள் பொருட்டுப் பரிந்து பேசியதனால் ஹாசியுஸ் சினந்து, 1708 நவம்பர் முதல் 1709 மார்ச்சு வரை நான்கு திங்கள் கோட்டையில் அடைத்தார். புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கத் தொடங்கி ஒரு திங்களே ஆகியிருந்தது. முதலில் எழுதுகோலும் தாளும் மறுக்கப்பட்டன. பின்னர் அவை கிடைத்தபோது ஜெர்மன் மொழியில் இரு நூல்கள் எழுதினார். வெளிவந்தபின் மொழிபெயர்ப்பைத் தொடர்ந்து 1711-இல் முடித்தார். இலண்டனிலிருந்து அச்சுப்பொறியும் ஹாலேயிலிருந்து தமிழ் எழுத்துக்களும் வந்தன. எழுத்துக்கள் பெரியனவாதலால் தாள் போதாதாயிற்று. பாலாடைக்கட்டி வந்த ஈயப் பெட்டிகளை உருக்கிச் சிறிய எழுத்துக்களைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தனர். 1715-இல் புதிய ஏற்பாடு முழுவதும் வெளிவந்தது.

இனி, அந்த 1713-ஆம் ஆண்டு நூல். தமிழர்தம் தெய்வங்களின் வமிசாவளி என்பது அதன் பொருள். சிவபெருமான், உமையம்மை, விநாயகர், முருகக் கடவுள் ஆகியோர் வடிவம், பெயர், திருக்கோயில், விழா முதலியவற்றைச் சுவடிகளிலிருந்தும், தம் வினாக்களுக்குத் தமிழர் எழுதியனுப்பிய விடைகளிலிருந்தும் திரட்டினார். இடையிடையே கடிந்துரைத்தலும் உண்டு. அவர் சைவர் ஆனாரல்லர், ஆகவும் எண்ணினாரல்லர். எனினும் தமிழர் கூறுவதைத் தமிழர் கூறியவாறே முன்வைக்க முயன்றார். அதனை ஹாலேக்கு அனுப்பியபோது அவர் ஆசிரியராகிய பிராங்கே அச்சிட மறுத்தார். புறச்சமயத்தை வேரறுக்கவே குருமார் போயினர், அதன் கதைகளை ஐரோப்பாவிற் பரப்புதற்கு அன்று என்பது அவர் முடிபு. தம் சமயத்தில் உறுதியுடையார்க்குப் பிறர் கொள்கையைக் கேட்டலில் அச்சம் எற்றுக்கு? பரபக்கத்தை ஓதுதலால் சைவம் குறைந்ததென நம் மடங்களில் எவரும் கூறியதில்லை.

1714-இல் இவர் ஐரோப்பா சென்றார். மலையப்பன் என்னும் தமிழிளைஞர் உடன்சென்றார். அங்கு மணம் புரிந்து, இலத்தீன் மொழியில் எழுதிய தமிழிலக்கணத்தை 1716-இல் ஹாலேயில் அச்சிட்டு, அவ்வாண்டே தரங்கம்பாடிக்கு மீண்டார். புதிதாக எழுப்பிய புது எருசலேம் கோயில் 1718 அக்டோபரில் திறக்கப்பெற்றது. அதற்குள் கோபன்ஹேகன் மிஷன் சங்கத்துச் செயலாளராகிய வெண்ட் என்பவர், கட்டடமும் இல்லறமும் அப்போஸ்தலர் நெறிக்கு ஒவ்வா எனக் கடிந்து மடல் விடுத்தார். கோட்டைத் தலைவரின் சிறையைப் பொறுத்தவர் இதனைப் பொறுக்கலாற்றாது நைந்தார் என்பர். வயிற்றுநோயும் முற்றியது. 1719 பிப்ரவரி 23-ஆம் நாள் உயிர் நீத்தார். அப்புதிய கோயிலுள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

தெய்வ வமிசாவளி நூல் 154 ஆண்டுகள் அச்சேறாதிருந்து, 1867-இல் கெர்மன் என்பவரால் சென்னையிலேயே ஜெர்மன் மொழியில் பதிப்பிக்கப்பெற்றது. 1869-இல் ஆங்கிலத்திலும் வந்தது. 1711-இல் தமிழர் சமயம் பற்றி அவர் எழுதி முடித்த மற்றொரு நூலோ, காலந்து என்னும் அறிஞர் கைக்கு வந்து ஆம்ஸ்டர்டாம் நகரில் அச்சாதற்கு 1926-ஆம் ஆண்டு வரை காத்திருந்தது.