மான்சோனியும் ஒரு வினை விகுதியும்

இத்தாலிய நாவலாசிரியர் அலெஸ்ஸாந்த்ரோ மான்சோனி 1785-இல் மிலான் நகரில் பிறந்தார். மரண தண்டனையை எதிர்த்து எழுதிய பெக்காரியா இவருடைய தாய்வழிப் பாட்டனார். மான்சோனி வீட்டில் பேசியது மிலான் வட்டார வழக்கு. கற்றோர் நடுவே பிரெஞ்சு. இத்தாலிய மொழியோ அவருக்கு ஏட்டில் கற்ற மொழிதான்!

1827-இல் அவருடைய 'மணம் பேசிய இணையர்' என்னும் நாவல் வெளிவந்து பெரும்புகழ் ஈட்டியது. வேறொருவராயின் அத்துடன் அமைந்திருப்பார். இவரோ அவ்வாண்டே குடும்பத்துடன் பிளாரன்ஸ் சென்று, அந்நகரத்தார் பேச்சைச் செவிமடுத்தார். தம் நடையில் ஏட்டு வாடை வீசுவதை உணர்ந்தார்.

'அமாரே' என்றால் நேசித்தல். 'நேசித்து வந்தேன்', 'நேசித்து வந்தான்' என்னும் இரண்டுக்கும் இலக்கண நூல்கள் விதித்த வடிவம் 'அமாவா' ஒன்றே. இலத்தீனில் வேறுபட்டிருந்த இவை, ஈற்று மெய் தேய்ந்ததால் ஒன்றாகிவிட்டன. கேட்பவர் குழம்பமாட்டாரா? பிளாரன்ஸ் மக்கள், 'நேசிக்கிறேன்' எனப் பொருள்படும் 'ஆமோ'வின் ஓகாரத்தைத் தன்மைக்குச் சேர்த்து 'அமாவோ' என்றனர். கொச்சை என்று ஒதுக்கப்பட்டதே தெளிவான வடிவம்!

மான்சோனி அதையே ஏற்றார். 1840 முதல் 1842 வரை பகுதி பகுதியாக வெளிவந்த திருத்தப் பதிப்பில் தன்மை வினைகள் ஓகார ஈறு பெற்றன. சொற்களில் எழுந்த ஐயங்களை, பிள்ளைகளைக் கவனிக்கும் பணியிலிருந்த எமிலியா லூத்தி என்னும் பிளாரன்ஸ் பெண்மணியிடம் கேட்டுத் தெளிந்தார். நாடறிந்த ஆசிரியர் இவ்வாறு கேட்டதை நாவலினும் பெரிதாக மதிக்கிறேன்.

1873-இல் மான்சோனி மறைந்தார். மறு ஆண்டு அதே நாளில் இசைமேதை வெர்டி தம் 'ரெக்வியம்' இசையை அவருக்குப் படைத்தார். இன்று இத்தாலியப் பள்ளிகளில் பிள்ளைகள் ஒப்பிப்பது 'அமாவோ'தான்.