வி. கே. ஆர். வி. ராவ்

விஜயேந்திர கஸ்தூரி ரங்க வரதராஜ ராவ் (சூலை 8, 1908 – சூலை 25, 1991) இந்தியப் பொருளியல் அறிஞர், கல்வியாளர், அரசியல்வாதி ஆவார். இந்தியாவின் தேசிய வருமானத்தை முறையாகக் கணக்கிட்ட முன்னோடிகளுள் ஒருவர்.

வாழ்க்கைக் குறிப்பு

ராவ் தமிழ்நாட்டின் காஞ்சிபுரத்தில் பிறந்தார். திண்டிவனத்திலும் சென்னையிலும் பள்ளிக் கல்வி பயின்றார். பின்னர் இங்கிலாந்து சென்று கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தில் 1937 இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு கீன்சிடம் பயின்ற இந்தியர்களுள் இவரும் ஒருவர்.

தேசிய வருமான ஆய்வு

பிரித்தானிய இந்தியாவில் தேசிய வருமானத்தைக் கணிக்கப் போதிய புள்ளிவிவரங்கள் இருக்கவில்லை. ராவ் இரண்டு முறைகளை இணைத்துக் கையாண்டார். வேளாண்மை போன்ற துறைகளுக்கு உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிட்டார். வணிகம், சேவைகள் போன்றவற்றுக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள தொழிலாளர் எண்ணிக்கையை அவர்களின் சராசரி வருமானத்தால் பெருக்கினார். இதன்படி 1931-32 இல் ஒருவரின் ஆண்டு வருமானம் 62 ரூபாய் எனக் கண்டறிந்தார். இவ்வாய்வு 1940 இல் நூலாக வெளிவந்தது. விடுதலைக்குப் பின் 1949 இல் மகலனோபிசு தலைமையில் அமைந்த தேசிய வருமானக் குழுவில் இவரும் காட்கிலும் உறுப்பினர்களாக இருந்தனர்.

வேலைவாய்ப்பும் கீன்சின் கோட்பாடும்

முதலீடு பெருகினால் வேலையற்றோர் வேலை பெற்று உற்பத்தியும் பல மடங்கு உயரும் என்பது கீன்சின் பெருக்கிக் கோட்பாடு. இது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று ராவ் 1952 இல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். இங்கு பெரும்பாலோர் கூலிக்கு வேலை தேடுவோர் அல்லர். சொந்த நிலத்திலும் குடும்பத் தொழிலிலும் குறைந்த வேலையோடு இருப்போர். கூடுதல் வருமானம் உணவுக்கே செலவாகும். உணவு உற்பத்தியோ விரைவில் உயராது. எனவே உற்பத்திக்குப் பதிலாக விலைவாசியே ஏறும் என்பது அவரது முடிவு. தம் ஆசிரியரின் கோட்பாட்டையே உள்நாட்டு உழைப்புச் சூழலில் சோதித்ததால் இக்கட்டுரை வளர்ச்சிப் பொருளியலில் முக்கியமாகக் கருதப்படுகிறது.

பன்னாட்டுப் பணி

ஐக்கிய நாடுகள் அவையின் பொருளாதார வளர்ச்சித் துணை ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, ஏழை நாடுகளுக்கு எளிய நிபந்தனைகளில் கடன் வழங்கத் தனி அமைப்பு வேண்டும் என்று 1949 இல் முன்மொழிந்தார். தொடக்கத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. 1960 இல் உலக வங்கியின் கீழ் பன்னாட்டு வளர்ச்சிச் சங்கம் உருவாக இக்கருத்தும் வழிவகுத்தது.

நிறுவனங்களும் அரசியலும்

தில்லி பொருளியல் பள்ளி (1949), தில்லி பொருளாதார வளர்ச்சி நிறுவனம், பெங்களூர் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம் (1972) ஆகியவற்றை நிறுவினார். தில்லிப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் திட்டக்குழு உறுப்பினராகவும் பணியாற்றினார். 1967 இல் பெல்லாரி தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு நடுவண் அமைச்சரானார். கல்வி அமைச்சராக இருந்தபோது 1969 இல் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார்.

இவருக்கு 1974 இல் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது.