கணக்கேட்டிலிருந்து சட்டமன்றம் வரை: இரட்டைமலை சீனிவாசன் உழைத்த முறை

தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்வது எப்படி, நேரத்தைப் பயன்படுத்துவது எப்படி, பணியில் உயர்வது எப்படி என்று கற்பிக்கும் பயிற்சி வகுப்புகள் இன்று கல்லூரிகளிலும் நிறுவனங்களிலும் பெருகிவிட்டன. குடும்பத்தின் முதல் பட்டதாரியாக வேலைக்குச் செல்லும் தலித் இளைஞரும் அவ்வகுப்புகளில் அமர்கிறார். அங்கே சொல்லப்படுபவை பெரும்பாலும் பயனுள்ளவைதாம். ஆனால் இரண்டு செய்திகள் அங்கே பேசப்படுவதில்லை. முதலாவது, திறமையை எவ்வளவு வளர்த்துக்கொண்டாலும் அதை மதிப்பிடுகிறவரின் கண்ணில் சாதி இருந்தால் என்ன செய்வது என்பது. இரண்டாவது, உயர்ந்த பிறகு அந்த உயரத்தை யாருக்காகப் பயன்படுத்துவது என்பது. இவ்விரண்டுக்கும் சேர்த்து விடை தேடுகிறவர்கள் திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனின் வாழ்க்கையைப் படிக்க வேண்டும். ஜூலை மாதத்தில் மாலை அணிவித்து, தாத்தா என்று அன்போடு அழைத்து, அத்துடன் நிறுத்திக்கொள்கிறோம். அவர் எப்படி வேலை செய்தார் என்பதை நாம் போதுமான அளவு ஆராய்ந்ததில்லை.

1859ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் செங்கல்பட்டுப் பகுதியிலுள்ள கோழியாளம் என்னும் ஊரில் அவர் பிறந்தார். அந்த மாவட்டத்தில் பறையர் மக்களின் நிலை எவ்வாறு இருந்தது என்பதை, மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1890களின் தொடக்கத்தில் அரசுக்கு அளித்த அறிக்கை விரிவாகப் பதிவு செய்துள்ளது. நிலமின்மை, கடன் அடிமைத்தனம், குடியிருக்கும் மனைக்கும் உரிமையின்மை ஆகியவை அதில் வரிசையாக இடம்பெற்றன. பஞ்சமி நிலம் என்று நாம் இன்றும் மீட்கப் போராடும் நிலங்களுக்கான 1892ஆம் ஆண்டு அரசாணை அந்த அறிக்கையின் தொடர்ச்சியாக வந்ததே.

சீனிவாசன் கோயம்புத்தூரில் படித்தார். ஏறத்தாழ நானூறு மாணவர்கள் பயின்ற அந்தக் கல்வி நிலையத்தில் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பார்ப்பனர்கள். தன் சாதி தெரிந்துவிடும் என்ற அச்சத்தால் பிற மாணவர்களோடு பேசிப் பழகுவதையும் விளையாடுவதையும் அவர் தவிர்த்தார். வகுப்பு தொடங்கும் நேரத்தில் உள்ளே நுழைவதும், முடிந்தவுடன் விரைந்து வெளியேறுவதுமாக அவர் மாணவப் பருவம் கழிந்தது. அடையாளத்தை மறைத்துக்கொண்டு படிக்க நேர்ந்த அவர், பிற்காலத்தில் அதே அடையாளத்தை இதழின் பெயராக அச்சிட்டு வெளியிட்டார். இடைப்பட்ட ஆண்டுகளில் நடந்தது என்ன என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

படிப்புக்குப் பின் நீலகிரியில் ஆங்கிலேயர் நடத்திய வணிக நிறுவனத்தில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கராகப் பணியாற்றினார். வரலாற்று நூல்கள் இந்தப் பத்தாண்டுகளை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. வழக்குக் கட்டுகளோடு நாள்தோறும் புழங்கும் எனக்கு அவை முக்கியமானவையாகத் தோன்றுகின்றன. கணக்கருக்குத் தேவைப்படுபவை மூன்று: நிகழ்ந்ததை அன்றே எழுதிவைத்தல், எண்ணிக்கையைச் சரிபார்த்தல், ஒவ்வொரு பதிவுக்கும் சான்று வைத்திருத்தல். சீனிவாசனின் பிற்காலப் பொதுவாழ்வு முழுவதிலும் இம்மூன்று பழக்கங்களின் தடத்தைக் காண முடிகிறது. பிழைப்புக்காகக் கற்ற தொழிலின் ஒழுங்கை அவர் தம் மக்களின் கோரிக்கைகளுக்குக் கொண்டுவந்தார் என்று நான் கருதுகிறேன்.

1890இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். அடுத்த ஆண்டிலேயே பறையர் மகாஜன சபையைத் தோற்றுவித்தார். 1893ஆம் ஆண்டு அக்டோபரில் 'பறையன்' இதழைத் தொடங்கினார். மிகச் சிறிய முதலீட்டில் மாத இதழாகத் தொடங்கியது, வார இதழாக வளர்ந்து ஏழு ஆண்டுகள் நடைபெற்றது. 1896இல் இதழில் வெளியான ஒரு வாசகர் கடிதத்திற்காக ஆசிரியர் மீது வழக்குத் தொடரப்பட்டு, நூறு ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. அதன் பின்னரும் இதழ் நிற்கவில்லை. நன்கொடையாளரின் அருளையோ அரசின் ஆதரவையோ மட்டும் நம்பித் தொடங்கிய முயற்சியாக இருந்திருந்தால், அபராதம் விழுந்த நாளே அது மூடப்பட்டிருக்கும். வாசகரின் கைக்காசில் நின்ற இதழாதலால் அது தொடர்ந்தது.

இதழின் பெயரைப் பற்றி அன்றே எதிர்ப்பு எழுந்தது. சீனிவாசனின் தமக்கையோ தங்கையோ ஆன உறவில் அவருக்கு மைத்துனர் முறையாகும் அயோத்திதாசப் பண்டிதர், பறையன் என்ற பெயர் பகைவர் சுமத்திய இழிபெயர் என்று கருதினார். இம்மக்கள் பூர்வ பௌத்தர்கள் என்பது அவர் முடிபு. இழிவென்று ஊரார் சொல்லும் பெயரை உடையவனே உரக்கச் சொன்னால்தான் இழிவு நீங்கும் என்பது சீனிவாசனின் நிலைப்பாடு. இருவரும் குடும்பத்தால் நெருங்கியவர்கள்; கருத்தால் விலகியவர்கள். ஆளுக்கொரு வழியில் உழைத்தார்கள். பண்டிதர் 1907இல் தமக்கென ஓர் இதழைத் தொடங்கினார். இரண்டு வழிகளாலும் சமூகம் பயன்பெற்றது. கருத்து வேறுபட்டவுடன் அமைப்பை உடைப்பதும் ஆளை ஒழிப்பதும் தலைமையின் இலக்கணம் என்று எண்ணும் இன்றைய நிலையில் இந்த எடுத்துக்காட்டை நாம் மறக்கக் கூடாது.

சீனிவாசனின் செயல்முறை முழு வடிவில் வெளிப்பட்டது 1893ஆம் ஆண்டின் இறுதியில். இந்தியக் குடிமைப் பணிக்கான தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் ஒரே நேரத்தில் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் வலியுறுத்தி வந்தது. அதற்கு ஆதரவான தீர்மானம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் பிரிட்டிஷ் பொது அவையில் நிறைவேறியிருந்தது. பொதுவாகப் பார்த்தால் அது நியாயமான தேசியக் கோரிக்கை. ஆனால் அன்றைய சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்றிருந்தோர் யார் என்று கணக்கெடுத்தால், தேர்வு இங்கே நடந்தால் ஆட்சியர் நாற்காலியில் அமரப் போவோர் யார் என்பதும் விளங்கிவிடும். கிராமத்தில் ஒடுக்குபவரே மாவட்டத்தில் அதிகாரியாகவும் வந்தால் முறையிட இடமிராது என்று சீனிவாசன் வாதிட்டார். சென்னை வெஸ்லியன் மண்டபத்தில் கூட்டம் கூட்டினார். 3,412 பேரின் கையொப்பத்துடன் 112 அடி நீளமுள்ள மனு ஒன்று தயாராகி இங்கிலாந்து நாடாளுமன்றத்துக்குச் சென்றது.

அந்த எண்ணிக்கையைச் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடையே, தொலைபேசியோ வாகனமோ இல்லாத காலத்தில், 3,412 பேரைச் சந்தித்து, பொருளை விளக்கி, ஒப்புதல் பெறுவது எளிய வேலையன்று. அதை மேடைப்பேச்சால் செய்ய முடியாது. தெருத் தெருவாகச் சென்று பேசும் பொறுமையும், பெயர்களை ஒழுங்காகப் பதிவு செய்யும் கணக்கரின் கையும் அதற்கு வேண்டும். இந்தியர் அனைவருக்காகவும் பேசுவதாகச் சொல்லிக்கொண்டவர்களுக்கு, கேட்கப்படாத குரல்களும் உண்டு என்று அந்த மனு எண்களால் காட்டியது.

புதிய நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து செல்லும் எண்ணத்துடன் புறப்பட்ட அவர், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தங்க நேர்ந்தது. அங்கே நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தார். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்ட தமிழர்களில் கணிசமானோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களின் வாக்குமூலத்தை நீதிமன்றத்தின் மொழிக்கு மாற்றுவதே அவர் தொழிலாயிற்று. ஒரு சொல் பிசகினாலும் தண்டனை மாறிவிடும் இடத்தில் பல ஆண்டுகள் நின்ற அவருக்கு, எளியவனின் முறையீட்டை அதிகாரம் புறக்கணிக்க முடியாத மொழியில் வைக்கும் பயிற்சி அங்கே கிடைத்திருக்கும்.

1921இல் தாயகம் திரும்பியபோது அவருக்கு வயது அறுபதைக் கடந்திருந்தது. பெரும்பாலோர் ஓய்வைப் பற்றிச் சிந்திக்கும் வயது. அவருடைய பொதுவாழ்வின் மிகப் பெரிய பணிகள் அதற்குப் பிறகே நிகழ்ந்தன. 1923இல் சென்னை சட்டமன்றத்தின் நியமன உறுப்பினரானார். எம்.சி.ராஜா முதலியோர் ஏற்கெனவே அங்கே களம் அமைத்திருந்தனர். பறையர், பஞ்சமர் என்ற அரசு வழக்கை நீக்கி ஆதிதிராவிடர் என்று குறிக்கும் ஆணை 1922இல் வந்திருந்தது.

1924 ஆகஸ்ட் மாதம் சீனிவாசன் அவையில் கொண்டுவந்த தீர்மானம் அளவில் சிறியது. எந்த ஊரிலும் எந்தப் பொதுச்சாலையிலும் தெருவிலும் பாதையிலும் எவரும் நடந்து செல்வதற்குத் தடையில்லை என்பது அதன் முதற்பகுதி. பொது அலுவலகம், கிணறு, குளம், பொதுமக்கள் கூடும் இடம் ஆகியவற்றை ஏனைய சாதியினரைப் போலவே ஒடுக்கப்பட்ட வகுப்பினரும் பயன்படுத்தலாம் என்பது இரண்டாம் பகுதி. அது நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையாகவும் வெளிவந்தது. ஒரு சட்ட வரைவாளரின் கண்ணோடு படித்தால் அதன் நுட்பம் புலப்படும். சமத்துவம் போன்ற பெருஞ்சொல் எதையும் நம்பியிராமல், தடுக்கப்படும் இடங்கள் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. கால் நூற்றாண்டுக்குப் பின் எழுதப்பட்ட அரசமைப்புச் சட்டத்தின் 15(2)ஆம் கூறும் கடை, கிணறு, குளம், சாலை என்று அவ்வாறே இடங்களைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது. ஆனால் மீறுவோரைத் தண்டிக்க வழியில்லாத ஆணை ஊர் எல்லையிலேயே நின்றுவிடும். நாடு முழுவதற்குமான தண்டனைச் சட்டம் 1955இல்தான் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 1989 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1930இல் லண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு ஒடுக்கப்பட்ட வகுப்பினரின் சார்பாளர்களாக இருவர் சென்றனர்: முப்பத்தொன்பது வயது அம்பேத்கர், எழுபதைக் கடந்த சீனிவாசன். முப்பதாண்டுகளுக்கும் மேல் மூத்தவரான சீனிவாசன், அம்பேத்கரோடு இணைந்து அரசியல் பாதுகாப்புகள் குறித்த கூட்டு அறிக்கையில் கையெழுத்திட்டார். தமக்குப் பின் வந்தவரின் கல்வியையும் வாதத் திறனையும் தமக்குப் போட்டியாகக் கருதாமல், தம் மக்களுக்குக் கிடைத்த வலிமையாகக் கண்டார். அந்தப் பயணத்தின்போது ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் கைகுலுக்க முன்வர, தாம் தீண்டப்படாதவர் என்று சொல்லி அவர் பின்வாங்கியதாகவும், தீண்டாமை என்றால் என்ன என்று மன்னர் கேட்டறிந்து கைகுலுக்கியதாகவும் சொல்லப்படும் நிகழ்ச்சி நம் வட்டாரங்களில் நன்கு அறியப்பட்டது. கிடைத்த அரை நிமிடத்தையும் முறையீடாக மாற்றியவர் அவர் என்பதே அதன் பொருள்.

1932 செப்டம்பரில் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களுள் அவரும் ஒருவர். தனித்தொகுதி உரிமையை இழந்து, 71க்கு மாறாக 148 இடங்களைப் பெற்ற அந்த ஒப்பந்தத்தின் லாப நட்டத்தை நாம் இன்றும் கணக்கிட்டுக்கொண்டிருக்கிறோம். 1935இல் அம்பேத்கர் மதம் மாறுவதாக அறிவித்தபோது சீனிவாசன் அதை ஏற்கவில்லை. இம்மக்கள் வருணத்துக்கு வெளியே நிற்பவர்கள், இந்துக்களே அல்லர், ஆகவே வெளியேற வேண்டிய தேவையில்லை என்பது அவர் வாதம்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது வரலாற்றுக்கு நேர்மையாகாது. ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் என்று ஆங்கில அரசு அளித்த பட்டங்களை அவர் ஏற்றார். மனு, தூதுக்குழு, தீர்மானம் ஆகிய வழிகளையே அதிகம் நம்பினார். 1927இல் மகாத் குளத்தில் மக்கள் திரளாக இறங்கி நீர் அருந்தியது போன்ற போராட்டத்தை அவர் நடத்தியதில்லை. ஆங்கிலேயரின் விசுவாசி என்று தேசியவாதிகள் அவரை ஒதுக்கினர். ஆனால் தெருவில் நடக்கவே உரிமையற்றவருக்கு எந்த அரசின் கதவு சற்றே திறந்திருந்ததோ, அதைத் தட்டுவதே அறிவுடைமை என்று அவர் கணித்தார். அந்தக் கணிப்பைக் குறைகூறுவோர், அன்று வேறு எந்தக் கதவு திறந்திருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

1939இல் தம் வாழ்க்கையைச் சுருக்கமாக எழுதி வெளியிட்டார். செய்த வேலையைத் தாமே பதிவு செய்யாவிட்டால் பிறர் பதிவு செய்ய மாட்டார்கள் என்பதை அறிந்திருந்த கணக்கரின் கடைசிப் பதிவேடு அது. 1945 செப்டம்பர் 18ஆம் நாள் மறைந்தார். மறைந்து அரை நூற்றாண்டுக்குப் பின், 2000ஆம் ஆண்டில் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

கிணறும் குளமும் அனைவருக்கும் பொது என்று அவர் தீர்மானம் கொண்டுவந்து நூறாண்டு நிறைவதற்குச் சற்று முன், 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. அவர் தொடங்கிய வேலை முடியவில்லை. ஆகவே அவருடைய பழக்கங்களும் நமக்குத் தேவைப்படுகின்றன. ஒரு கொடுமை நடந்தால் அன்றே நாளும் நேரமும் குறித்து எழுதி வைப்பது. மனு கொடுத்தால் ஒப்புகைச் சீட்டு பெறுவது. பதில் வராவிட்டால் நினைவூட்டல் அனுப்புவது. சாட்சிகளின் பெயரை நினைவில் தேக்காமல் தாளில் ஏற்றுவது. வன்கொடுமை வழக்குகள் பலவற்றில் குற்றவாளிகள் தப்புவது, தாமதமாகப் பதிவான புகாராலும் திரட்டப்படாத சான்றாலும்தான். இவற்றை ஒழுங்காகச் செய்யப் பழகிய ஓர் இளைஞர் தம் அலுவலகத்திலும் உயர்வார். அவருடைய சேரியின் வழக்கும் நீதிமன்றத்தில் நிற்கும்.

வங்கியிலோ மென்பொருள் நிறுவனத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ இன்று பணியில் இருக்கும் நம் பிள்ளைகள், வாரத்தில் ஒரு மாலைப் பொழுதைத் தம் ஊர் மக்களின் மனுக்களுக்கு ஒதுக்கினால் போதும். நீலகிரியில் கணக்கெழுதிய கையே பின்னர் 112 அடி மனுவைத் தயாரித்தது.