கடோத்கஜனுக்கு லட்டு ஊட்டிய கேமரா... யார் இந்த மார்கஸ் பார்ட்லி?

நரிக்குடி பக்கம், உச்சி வெயில்ல, கருவேல மரத்துக்கு நடுவே ஒரு பச்சைத் துணியைக் கட்டி ரீல் எடுக்கிறீங்கன்னு வெச்சுக்கோங்க. எடிட்டிங் ஆப்ல பச்சையை எடுத்துட்டு, பின்னாடி பனிமலையை வைக்கிறீங்க. ஆள் கச்சிதமா கட் ஆகியிருக்கு. ஆனாலும் ஒட்ட மாட்டேங்குது. நோட்டுல ஒட்டின ஸ்டிக்கர் மாதிரி தனியா நிக்குது. ஏன்?

தப்பு ஆப்ல இல்லை. உங்க முகத்துல திருச்சுழி வெயில். பின்னாடி மலையில மேகமூட்டம். ரெண்டு வெளிச்சமும் ஒண்ணோட ஒண்ணு சேரலை, அவ்வளவுதான்.

இந்தச் சிக்கலை, கம்ப்யூட்டர் வாசமே படாத 1957-லேயே சமாளித்துக் காட்டியவர்களில் ஒருவர் மார்கஸ் பார்ட்லி. `மாயா பஜார்' படத்தின் ஒளிப்பதிவாளர். கடோத்கஜனாக வரும் எஸ்.வி.ரங்காராவ் வாயைத் திறக்க, லட்டுகள் தானாகப் பறந்துபோய் விழுமே... அந்தப் படமேதான்!

ஏற்காட்டில் பிறந்தவர்

பார்ட்லி 1917-ல் ஏற்காட்டில், ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தில் பிறந்தார். முதலில் பத்திரிகை போட்டோகிராபர். அடுத்து, நியூஸ்ரீல் கேமராமேன். செய்திப் படம் எடுக்கிறவருக்கு, லைட்டை நகர்த்தி வைக்கிற வசதியெல்லாம் கிடையாது. இருக்கிற வெளிச்சம் எங்கிருந்து வருது, எவ்வளவு கடுமையா விழுதுன்னு ஒரு நொடியில் கணிக்கணும். சினிமாவுக்குள் அவர் கொண்டுவந்த மூலதனம் அந்தக் கண்தான்.

பி.என்.ரெட்டியின் `ஸ்வர்க்க சீமா' (1945) படத்துக்கு ஒளிப்பதிவு செய்தார். பிறகு, விஜயா - வாகினியின் வரிசையான வெற்றிகளில் அவர் கேமரா இருந்தது. 1951-ல் `பாதாள பைரவி', 1955-ல் `மிஸ்ஸியம்மா', 1957-ல் கே.வி.ரெட்டி இயக்கத்தில் தமிழிலும் தெலுங்கிலும் `மாயா பஜார்'.

`அன்டூ' பட்டன் இல்லாத காலம்

இன்னிக்கு நம்ம ஆப்ல `மாஸ்க்'னு ஒரு ஆப்ஷன் இருக்குல்ல? அந்தப் பேரே பழைய ஃபிலிம் காலத்துச் சரக்குதான். லென்ஸுக்கு முன்னால் பாதியைக் கறுப்பு அட்டையால் மறைத்து ஒரு முறை ஷூட் செய்வார்கள். பிறகு ஃபிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, முன்பு மறைத்த பாதியைத் திறந்து, எடுத்த பாதியை மூடி, அதே ஃபிலிமில் இன்னொரு முறை ஷூட். ரெண்டு லேயரும் கேமராவுக்குள்ளேயே சேர்ந்துவிடும்.

கேமரா ஒரு நூல் அசைந்தாலும் நடுவில் கோடு தெரியும். இரண்டாவது டேக்கில் நடிகர் சொதப்பினால், முதல் டேக்கும் சேர்ந்தே போச்சு. சரியா வந்திருக்கான்னு பார்க்க அங்கே மானிட்டரும் இல்லை. லேப்பில் ஃபிலிமைக் கழுவின பிறகுதான் தெரியும். அதனால், எல்லாக் கணக்கையும் ஷூட்டுக்கு முன்னாடியே மனசுக்குள் போட்டாகணும்.

`மாயா பஜாரி'ல் ஒரு மாயப் பெட்டி வரும். திறந்து பார்க்கிறவருக்கு, மனசுக்குப் பிடித்தது அதில் தெரியும். வத்சலாவாக வரும் சாவித்திரி பார்த்தால், அபிமன்யுவாக ஜெமினி கணேசன் தெரிவார். வீடியோ கால் வருவதற்கு எவ்வளவோ வருஷம் முன்னாடி ஒரு வீடியோ கால்! கோகலே, கலாதர் போன்ற கலை இயக்குநர்கள் அமைத்த செட்டும், பார்ட்லி அமைத்த ஒளியும் கைகோத்ததால்தான் அந்த உலகத்தை நம்மால் நம்ப முடிகிறது.

ஸ்டூடியோவுக்குள் ஒரு நிலா

அந்தப் படத்தில் படகில் போகும் நிலாப் பாட்டை இன்னிக்கும் பேசுகிறார்கள். சில துண்டுகள் எண்ணூரில் வெளிப்புறத்தில் எடுத்தவை. மிச்சம் ஸ்டூடியோவுக்குள் எடுத்தவை. இரண்டும் ஒரே ராத்திரி, ஒரே நிலா என்று நாம் நம்பணும். படகு, தண்ணீர், முகம் எல்லாம் ஒரே வெளிச்சத்தில் நனைந்த மாதிரி இருப்பதால், இடம் மாறுவது கண்ணில் படுவதே இல்லை.

கறுப்பு வெள்ளையோடு அவர் நின்றுவிடவில்லை. குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் வென்ற மலையாளப் படம் `செம்மீனி'ல் (1965) கடலைக் கலரில் காட்டினார். `சாந்தி நிலையம்' (1969) படத்துக்காக, கலர் ஒளிப்பதிவுக்கான தேசிய விருது பெற்றார். 1993-ல் மறைந்தார். 2010-ல் தெலுங்கு `மாயா பஜார்' கலர் பூசப்பட்டு மறுபடி தியேட்டருக்கு வந்தபோது, அதைப் பார்க்க அவர் இல்லை.

நம்ம போனுக்கு என்ன பாடம்?

* முதலில் பேக்ரவுண்டைத் தேர்வு செய்யுங்க. அதில் நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பார்த்து, அதே திசையில் வெளிச்சம் வர்ற மாதிரி நின்னு ஷூட் பண்ணுங்க.

* பின்னாடி மேகமூட்டம்னா, உச்சி வெயில் வேண்டாம். வேப்பமர நிழலோ, சாயங்கால வெளிச்சமோ போதும்.

* பேக்ரவுண்டு எந்த உயரத்திலிருந்து எடுக்கப்பட்டதோ, போனையும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் ஸ்டாண்டில் வைங்க.

* காலுக்குக் கீழே லேசா நிழல் வைங்க. நிழல் இல்லாத ஆள் அந்தரத்தில் மிதப்பார்.

* கடைசியில், ரெண்டு லேயரின் கறுப்பையும் ஒப்பிடுங்க. தூரத்து மலையின் கறுப்பு வெளிறியிருக்கும்; உங்க தலைமுடி கன்னங்கரேல்னு இருக்கும். கான்ட்ராஸ்ட்டைக் கொஞ்சம் குறைச்சு, ஓரத்தை லேசா மென்மையாக்கினா பாதி வேலை முடிஞ்சது.

லட்டு பறந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கு. கேமராவுக்குப் பின்னாடி நின்றவர் பெயர் பலருக்குத் தெரியாது. இந்த வேலையின் தலையெழுத்தே அதுதான். நல்லா ஒட்டிவிட்டால், ஒட்டியவர் காணாமல் போய்விடுவார். அடுத்த முறை டி.வி-யில் `மாயா பஜார்' ஓடினால், டைட்டில் கார்டில் ஒளிப்பதிவு என்கிற இடத்தில் ஒரு நொடி நின்னு, அந்தப் பெயரைப் படிச்சுட்டுப் படத்துக்குள் போங்க.